பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு அறுவடை

திராட்சைக் கொடி நட்ட மூன்றாம் ஆண்டில் என் தோட்டத்துப் பழத்தில் நானே செய்த ஒயினை எட்டு மாதம் கழித்துத் திறந்தேன். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. நிறம் மை போல அடர்த்தி, அதில் குறையில்லை. மூக்கில் உலர்திராட்சை, அதற்கடியில் காய்ச்சிக் காய்ச்சி வற்றிய பழச்சாறு. நாக்கில் பட்டதும் ஆல்கஹாலின் சூடு, பிறகு ஒன்றுமில்லை. விழுங்கிய பின் எச்சில் ஊறவே இல்லை. புளிப்பு இல்லாத ஒயின் இப்படித்தான் இருக்கும். வாயில் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

மூன்று வருடம் காத்திருந்து வந்த முதல் ஒயின் அது. மனசு விட்டுப்போயிற்று. ஈஸ்ட் சரியில்லை, நொதிக்கும்போது சூடு ஏறிவிட்டது, ஓக் மரச் சீவல் அதிகம் போட்டுவிட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். நான் தேடிய இடமெல்லாம் ஒயின் செய்யும் அறைக்குள்ளேயே இருந்தது. தப்பு நடந்ததோ கொடியில். அதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது வேறு ஊர்களின் ஒயின். பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்னும் ஈஸ்ட் பொட்டலங்களைத்தான் மாற்றிக்கொண்டிருப்பேன்.

தோட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சிவப்பு ஒயினுக்கான சிரா என்ற திராட்சை ரகத்தில் 48 கொடிகள், 16 வீதம் மூன்று வரிசை. வரிசை வடக்கு தெற்காக ஓடுகிறது, லேசான சரிவு. கொடிக்குக் கொடி 1.2 மீட்டர், வரிசைக்கு வரிசை 2.2 மீட்டர். எல்லாமே ஒட்டுக்கன்று. சொந்த வேரில் நட்டால் செலவு குறைவுதான், ஆனால் 1860களில் பிரான்சுக்குள் புகுந்து ஐரோப்பாவின் பெரும்பகுதித் தோட்டங்களை அழித்த ஃபைலாக்செரா என்ற வேர்ப்பூச்சி இன்றும் உலகின் பல இடங்களில் மண்ணுக்குள் இருக்கிறது. அமெரிக்கக் கொடி இனங்களின் வேரில் ஒட்டுக் கட்டுவதுதான் அதற்கு அன்று கிடைத்த விடை, இன்றைக்கும் அதுதான் விடை. முதல் இரண்டு வருடம் வந்த பூங்கொத்துகளை எல்லாம் கிள்ளி எறிந்தேன். மனசு வராது, ஆனால் வேரும் தண்டும் பிடிக்க வேண்டிய காலத்தில் காய் விட்டால் கொடி கடைசிவரை சவலையாகவே நிற்கும்.

தண்டைக் கீழ்க் கம்பியில் இரண்டு கையாகப் படரவிட்டு, கவாத்தில் கைக்கு மூன்று குச்சி, குச்சிக்கு இரண்டு மொட்டு விட்டேன். ஆக ஒரு கொடிக்குப் பன்னிரண்டு தளிர். அவற்றை மேல் கம்பிகளுக்கு இடையில் நேராக நிமிர்த்திச் செருகிவிடுவது. சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம், மழைக்காலத்தில் அடிச்சாம்பல் நோய்க்குப் போர்டோ கலவை. 1885இல் மில்லார்டே என்ற தாவரவியல் அறிஞர் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்து வெளியிட்ட அதே கலவை. பிரான்சின் போர்தோ பகுதித் திராட்சைத் தோட்டத்தில் பிறந்ததால் அந்தப் பெயர்.

மூன்றாம் ஆண்டு 46 கிலோ பறித்தேன். பிரிக்ஸ் 26.4, பிஎச் 3.95. பிரிக்ஸ் என்பது சாற்றின் சர்க்கரை அளவு; பிஎச் புளிப்பின் அளவு, எண் ஏற ஏறப் புளிப்பு குறைவு. இந்த இரண்டு எண்ணையும் அன்றைக்கே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு அர்த்தம் புரியாமல் தாண்டிப் போயிருக்கிறேன். விதை முழுக்கப் பழுப்பாகட்டும், கடித்தால் கொட்டை போல நொறுங்கட்டும் என்று காத்திருந்ததில் மற்றவை எல்லாம் கைமீறிவிட்டன. பிரிக்ஸ் எண்ணை 0.58ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ஆல்கஹால் அளவு வரும். அப்படியானால் 15 சதவீதத்துக்கு மேல். பிஎச் 3.95 அதைவிட மோசம். ஒயினைக் காக்கும் கந்தக டையாக்சைடு, புளிப்பு குறையக் குறையப் பலமிழக்கும். பிஎச் 3.5இல் லிட்டருக்கு 25 மில்லிகிராம் செய்யும் வேலையை 3.95இல் செய்யக் கிட்டத்தட்ட 70 மில்லிகிராம் வேண்டும். அதாவது சுவையில் மட்டுமல்ல, பாதுகாப்பிலும் அது பலவீனமான ஒயின்.

அந்த வருத்தத்தில் ஒரு நாள் ஐந்து பாட்டில் வாங்கினேன். எல்லாமே சிரா. பிரான்சின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கிலிருந்து இரண்டு: ஒன்று குரோஸ் எர்மிடாஜ், மற்றது கோர்னாஸ். ஆஸ்திரேலியாவின் பரோசாவிலிருந்து இரண்டு. நியூசிலாந்தின் ஹாக்ஸ் பேயிலிருந்து ஒன்று. ஆறாவது என்னுடையது. சிரா வடக்கு ரோன் பகுதியில் தோன்றிய ரகம். டுரேசா, மோன்டூஸ் பிளான்ஷ் என்ற இரண்டு பழைய ரகங்களுக்குப் பிறந்த பிள்ளை என்பதை 1990களின் இறுதியில் மரபணு ஆய்வு உறுதிசெய்தது. ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவில் திரட்டிய கொடிக்குச்சிகள் 1832இல் ஆஸ்திரேலியாவுக்குப் போயின. அங்கே அந்த ரகத்துக்கு ஷிராஸ் என்ற பெயர் நிலைத்தது. ஃபைலாக்செரா எட்டாத தெற்கு ஆஸ்திரேலியாவில் 1840களில் நட்ட கொடிகள் இன்னும் காய்க்கின்றன. ஒரே ரகம், உலகின் இரண்டு எதிர் மூலைகள். ஒப்பிட இதைவிட நல்ல ஜோடி கிடையாது.

ஒப்பிடுவதற்கென்று சில ஒழுங்குகள் வைத்துக்கொண்டேன். எல்லாம் ஒரே வடிவக் கிளாஸ். எல்லாம் 17 டிகிரி செல்சியஸ். சூடான ஒயினில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும், மிகக் குளிர்ந்தால் துவர்ப்பு மட்டும் நாக்கில் நிற்கும். பாட்டில்களைக் காகிதத்தில் சுற்றி எண் போட்டது என் மனைவி. நான், அவள், பக்கத்து வீட்டு நண்பர் என மூன்று பேர். எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது. இந்தக் கடைசி ஒழுங்குதான் முக்கியம். ஒருவர் "செர்ரி" என்று சொன்ன மறுநொடி மற்ற இருவருக்கும் செர்ரி தெரிய ஆரம்பித்துவிடும்.

இரண்டாம் எண்ணிலும் ஐந்தாம் எண்ணிலும் மூக்கை வைத்ததும் மிளகு. அப்போதுதான் அம்மியில் வைத்துத் தட்டியது போல. கூடவே ஏதோ ஊதாப் பூ வாசனை, ஆலிவ், கொஞ்சம் புகை. மூன்றும் ஆறும் வேறு உலகம்: கனிந்த பிளம், சாக்லேட், வெனிலா, வாய் நிறைய வழவழப்பு. நான்காவது இரண்டுக்கும் நடுவில், ஆனால் மிளகுப் பக்கம் சாய்ந்து. ஒன்றாம் எண்ணுக்கு நான் எழுதிய குறிப்பு இது: "கனம் இருக்கிறது, உயிர் இல்லை. முடிவே இல்லாமல் நின்றுபோகிறது." அதுதான் என்னுடையது.

காகிதத்தைப் பிரிப்பதற்கு முன்னால் நண்பர் சொன்னார்: "ரெண்டும் அஞ்சும் மிளகு ரசமாட்டம் வாசனை."

என் மனைவி இரண்டு கிளாஸையும் மாறி மாறி முகர்ந்தாள். "எனக்கு ஒரு மிளகும் வரலையே. நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

பேசி வைக்கவில்லை. இதற்குப் பின்னால் அழகான ஒரு விஷயம் இருக்கிறது. சிராவில் வரும் மிளகு வாசனைக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற வேதிப்பொருள். ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2008இல் இதை வெளியிட்டார்கள். உண்மையான மிளகிலும் அதே பொருள்தான் இருக்கிறது. ஆகவே இது உவமையல்ல, அதே வாசனையேதான். சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். ஆனால் அந்த ஆய்வில் முகர்ந்து பார்த்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, அளவை எவ்வளவோ கூட்டியும் அது தெரியவில்லை. ஒரே மேசையில், ஒரே பாட்டிலை, இரண்டு பேர் உண்மையிலேயே இரண்டு ஒயினாகக் குடிக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒயின் ருசியில் யார் சொல்வது சரி என்ற வாதத்தில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. அவள் மிளகு தெரியாமலே கோர்னாஸை முதலிடத்தில் வைத்திருந்தாள், அதன் புளிப்புக்காகவும் நீண்டு நிற்கும் துவர்ப்புக்காகவும்.

லேபிள்களைப் பார்த்தபோது இன்னொன்று தெளிவானது. ரோன் பாட்டில்கள் 13 சதவீதத்தை ஒட்டி, ஹாக்ஸ் பேயும் அப்படியே. பரோசா இரண்டும் 14.5. என்னுடையது அதற்கும் மேலே. பரோசாவைத் தாண்டிய சர்க்கரையில் பறித்துவிட்டு, ரோன் போன்ற வாசனையை எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கிறேன். ஆனால் பரோசா ஒயின் அந்த ஆல்கஹாலிலும் தட்டையாக இல்லையே, ஏன்? அங்கே டார்டாரிக் அமிலம் சேர்த்துப் புளிப்பைச் சரிசெய்வது வழக்கமான வேலை. நான் அதையும் செய்யவில்லை.

பழத்தில் இரண்டு முக்கிய அமிலங்கள் உண்டு. டார்டாரிக் அவ்வளவு எளிதில் அசையாது. மாலிக் அமிலத்தையோ, பழம் சூட்டில் இருக்க இருக்க அதுவே எரித்துத் தீர்த்துவிடும். குளிர்ந்த இடத்துப் பழம் கூர்மையாகவும் வெப்பமான இடத்துப் பழம் மழுங்கலாகவும் இருப்பதற்கு இது பெரிய காரணம். இரவு எவ்வளவு குளிர்கிறது என்பதும் இதில் சேர்த்தி. பகல் வெயில் கடுமையான அர்ஜென்டினாவின் மென்டோசாவில் 1000 மீட்டர் உயரத் தோட்டங்களில் விளையும் மால்பெக் என்ற ரகம் புளிப்பை இழக்காமல் இருப்பது அந்தக் குளிர்ந்த இரவுகளால்.

அடுத்து நான் செய்த தப்பு இலையில். குலைகளுக்குக் காற்று போகட்டும், பூஞ்சை வராமலிருக்கட்டும் என்று மூன்றாம் ஆண்டு குலை மட்டத்தில் இரண்டு பக்கமும் இலைகளை மொட்டையாக உருவிவிட்டேன். பிற்பகல் வெயில் நேராகக் குலையில் அடித்தது. ரொட்டண்டோன் தோலில் சேரும் பொருள். பழம் 25 டிகிரிக்கு மேல் நெடுநேரம் சூடானால் அது குறைந்துபோகும். குளிர்ந்த ஆண்டுகளிலும் நிழலில் தொங்கும் குலைகளிலும் அதிகம். ஆக, மிளகை என் கையாலேயே உருவிப் போட்டிருக்கிறேன்.

இதைக் கபர்னே சவிஞோன் வளர்ப்பவரிடம் சொன்னால் நேர்மாறாகச் சொல்வார். அந்த ரகத்தில் நிழல் அதிகமானால் மெத்தாக்ஸிபைரசின் என்ற வேதிப்பொருள் தங்கி, ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாசனை எழும். போர்தோவில் சுமாரான வருடங்களில் வந்த பாட்டில்களில் அது மெல்லிசாகத் தெரியும். வெயில் பட்டால் அது அடங்கும். சிராவுக்கு நல்ல நிழல் கபர்னேவுக்குக் கெட்டது. "இலை கிள்ளு" என்று பொதுவாகச் சொல்லும் அறிவுரையை நம்பக்கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். எந்த ரகம், எந்தப் பக்கம், எப்போது என்று கேட்காமல் இலையில் கை வைக்காதீர்கள்.

நான்காம் ஆண்டு, கிழக்குப் பக்கம் மட்டும் இலை எடுத்தேன். காலை வெயில் பனியை உலர்த்தும், பழத்தைச் சுடாது. மேற்குப் பக்கம் தொடவே இல்லை. தளிருக்கு ஒரு குலை விட்டு மற்றதைப் பிஞ்சிலேயே வெட்டினேன். தளிருக்குப் பதினைந்து இலையாவது இருக்கும்படி மேலே நறுக்கினேன். காய் நிறம் மாறத் தொடங்கிய அன்றே வலை போர்த்தினேன். அந்த வாரத்தில் ஒருநாள் தாமதித்தாலும் பறவைகளுக்குத் தெரிந்துவிடும்.

பிறகு, இரண்டு அறுவடை என்று முடிவு செய்தேன். ரோன் பக்கம் சாய்ந்து ஒன்று, பரோசா பக்கம் சாய்ந்து ஒன்று. என் மண்ணும் வெயிலும் எதற்கு ஒத்துழைக்கிறது என்று பார்த்துவிடலாம்.

மாதிரி எடுப்பதில் கவனமாக இருந்தேன். ஒவ்வொரு முறையும் நூறு பழம். மூன்று வரிசையிலிருந்தும், இரண்டு பக்கமும், குலையின் தோளிலிருந்தும் நுனியிலிருந்தும். கண்ணுக்கு அழகாகத் தெரியும் பழத்தை மட்டும் பறித்து, சர்க்கரை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டால் அது உங்களுக்குப் பிடித்த எண்ணைத்தான் காட்டும். நூறையும் ஒரு பையில் போட்டுப் பிசைந்து, சாற்றை வடித்து அளக்க வேண்டும். நிறம் மாறி 44ஆம் நாள்: பிரிக்ஸ் 22.4, பிஎச் 3.42. விதை முக்கால்வாசி பழுப்பு. தோலை மென்றால் துவர்ப்பு கரடாக இல்லை. மிகச் சீக்கிரம் பறித்தால் ரொட்டண்டோனும் கிடைக்காது, அது பழுக்கும் காலத்தின் பின்பாதியில்தான் ஏறும். அதனால் இன்னும் முந்தவில்லை. மறுநாள் விடியற்காலையில் எல்லாக் கொடியிலும் பாதிப் பாதியாக 40 கிலோ பறித்தோம். பன்னிரண்டு நாள் கழித்து மீதி, 41 கிலோ. பிரிக்ஸ் 25.8, பிஎச் 3.82. பழத்தின் தோல் லேசாகச் சுருங்கத் தொடங்கியிருந்தது.

பன்னிரண்டே நாள். இரண்டு எண்ணையும் அருகருகே எழுதியபோது எனக்குச் சிலிர்த்தது. அதே கொடி, அதே மண், அதே வேர்.

முதல் தொகுதியில் 32 கிலோவைக் காம்பு நீக்கிக் கையால் நசுக்கினேன். 8 கிலோவை முழுக் குலையாகவே தொட்டியின் அடியில் போட்டேன். வடக்கு ரோனில் காம்போடு நொதிக்கவிடுவது பழைய பழக்கம். காம்பு மசாலா மணத்தையும் ஒருவித உலர்ந்த துவர்ப்பையும் தரும்; கூடவே பொட்டாசியத்தை விட்டுப் பிஎச்சை ஏற்றும். நொதித்து முடித்தபோது 3.42 என்பது 3.55 ஆகியிருந்தது. பச்சைக் காம்பைப் போடாதீர்கள், ஒயின் முழுக்கப் புல் நாறும். ஓரளவு பழுப்பேறிய காம்புள்ள குலைகளாகப் பார்த்துப் பொறுக்கினேன்.

லிட்டருக்கு 40 மில்லிகிராம் கந்தக டையாக்சைடு என்ற கணக்கில், சுமார் 36 லிட்டர் கூழுக்கு இரண்டரை கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட். அந்த உப்பில் பாதிக்குச் சற்று மேல்தான் கந்தக டையாக்சைடு, 57 சதவீதம். அதைக் கணக்கில் சேர்க்காமல் போட்டால் அளவு குறைந்துவிடும். ஒருநாள் கழித்து ஈஸ்ட். ஈஸ்ட்டை 38 டிகிரி வெந்நீரில் கரைத்து, கூழின் சூட்டுக்கு மெல்லப் பழக்கிய பிறகு ஊற்றினேன்.

மூன்றாம் நாள் தோலெல்லாம் மேலே திரண்டு அடையாகக் கட்டியது. அதை ஒரு நாளைக்கு மூன்று முறை அமுக்கிச் சாற்றில் முக்க வேண்டும். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. மேலே காய்ந்து கிடக்கும் அடையில் வினிகர்க் கிருமி குடியேறும். இந்த வேலை செய்யும்போது கதவைத் திறந்து வையுங்கள். நொதிக்கும் அறையில் கரியமிலவாயு தரையோடு தேங்கும். மூடிய அறையில் தொட்டிக்குள் தலையைக் குனிவது உயிருக்கு ஆபத்து.

நான்காம் நாள் இரவு மூடியைத் தூக்கினால் அழுகிய முட்டை நாற்றம். ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் பற்றாமல் போனால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிவிடும். பயந்து தொட்டியைக் கொட்டிவிட வேண்டாம். ஈஸ்ட்டுக்கான சத்து உப்பு கொஞ்சம் கரைத்து ஊற்றி, காற்றுப் படும்படி நன்றாகக் கலக்கினேன். மறுநாள் மாலைக்குள் போய்விட்டது. இதைக் கவனிக்காமல் வாரக்கணக்கில் விட்டால் அது வேறு சேர்மங்களாக மாறி வெளியேறாமல் தங்கிவிடும். அதனால் அந்த ஒரு வாரம் நாள்தோறும் மூக்கை வைப்பதை விடக்கூடாது.

சின்னத் தொட்டிக்கு இன்னொரு சிக்கல், சூடு தங்காது. பெரிய ஆலைகளில் குளிர்விக்கத்தான் பாடுபடுவார்கள். என் 60 லிட்டர் தொட்டி 23 டிகிரியிலேயே நின்றது. கம்பளி சுற்றி 28 வரை கொண்டுவந்தேன். சிவப்பு ஒயினுக்கு அந்தச் சூடு வேண்டும், இல்லாவிட்டால் தோலிலிருந்து சாரம் இறங்காது.

ஒன்பதாம் நாள், அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.094இலிருந்து 0.996க்கு இறங்கியிருந்தது, அதாவது சர்க்கரை தீர்ந்துவிட்டது. பிழிந்ததில் 25 லிட்டர். இரண்டாம் தொகுதியில் லிட்டருக்கு 2 கிராம் டார்டாரிக் சேர்த்தேன். லிட்டருக்கு ஒரு கிராம் பிஎச்சை ஏறக்குறைய 0.1 இறக்கும் என்பது கைக்கணக்கு, 3.82 என்பது 3.62க்கு வந்தது. காம்பு எதுவும் போடவில்லை. பதினோராம் நாள் பிழிந்ததில் 24 லிட்டர். சுருங்கிய பழத்தில் சாறு குறைவுதான். இரண்டையும் தனித்தனிக் கண்ணாடிக் குடுவையில் கழுத்துவரை நிரப்பி, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் மூடி போட்டேன். மீந்ததைச் சின்ன பாட்டில்களில் வைத்துக்கொண்டேன், குடுவையில் மட்டம் இறங்கும்போது நிரப்ப. காலி இடம் விட்டால் காற்று, காற்று இருந்தால் வினிகர்.

பிறகு மலோலாக்டிக். கூர்மையான மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் இரண்டாம் கட்டம். அது முடியும்வரை கந்தகம் சேர்க்கக்கூடாது, சேர்த்தால் பாக்டீரியா செத்துவிடும். முடிந்ததா என்று நாக்கால் சொல்ல எனக்கு வராது. காகித குரோமடோகிராஃபி செய்தேன்: காகிதத்தின் அடியில் ஒயின் துளி வைத்து, கரைப்பானில் நிறுத்தி, உலரவிட்டால் நீலப்பச்சைத் தளத்தில் மஞ்சள் புள்ளிகள் தோன்றும், அமிலத்துக்கு ஒரு புள்ளி. மாலிக் புள்ளி மறைந்தால் வேலை முடிந்தது. முதல் தொகுதியில் ஆறு வாரத்தில் மறைந்தது. இரண்டாவதில் பத்து வாரம் இழுத்தது; ஆல்கஹால் அதிகமானால் அந்தப் பாக்டீரியாவுக்குச் சிரமம்.

அது காத்திருக்கும் காலம் என்பதால் சிரா அல்லாத ஒயின்களையும் இதே முறையில் முகர்ந்து பழகினோம். ஸ்பெயினின் ரியோஹாவில் இருந்து ஒரு கிரியான்சாவும் ஒரு கிரான் ரிசர்வாவும் அருகருகே. முதலாவது இரண்டு வருடம் முதிர்ந்தது, அதில் குறைந்தது ஒரு வருடம் ஓக்கில். அடுத்தது ஐந்து வருடம், அதில் இரண்டு ஓக்கில். இளையதில் பழம் முன்னால் நின்றது. மூத்ததில் தோல், புகையிலை, உலர்ந்த இலை. ஓர் ஊர் தன் பாணியைக் கொடியில் மட்டுமல்ல, காலத்திலும் வடிக்கிறது. என் 24 லிட்டருக்கு 225 லிட்டர் பீப்பாய் முறையைப் பின்பற்ற முடியாது. சின்னப் பீப்பாயில் ஒயினுக்கு மரம் படும் பரப்பு அதிகம், சில மாதத்தில் ஒயின் பலகையாகிவிடும். அதனால் லிட்டருக்கு 2 கிராம் வறுத்த ஓக் துண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

இத்தாலியின் பரோலோ எனக்கு வேறொன்றைக் காட்டியது. நெபியோலோ ரகம்; விற்பனைக்கு வருமுன் குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும் என்பது அங்கே விதி. கிளாஸில் ஊற்றினால் வெளிர் சிவப்பு, அடியில் இருக்கும் எழுத்தைப் படிக்கலாம். வாயில் வைத்தால் ஈறு இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. நிறத்தை வைத்து ஒயினின் பலத்தைக் கணித்த என் பழக்கம் அன்றோடு போயிற்று. மூன்றாம் ஆண்டு ஒயினின் மை நிறத்தைப் பார்த்து நான் சமாதானம் அடைந்தது எவ்வளவு பெரிய ஏமாற்றம்!

எட்டு மாதம் கழித்து அதே மேசை, அதே மூன்று பேர், காகிதம் சுற்றிய ஆறு பாட்டில். ரோன் இரண்டு, பரோசா இரண்டு, என்னுடையவை இரண்டு.

முந்தி அறுத்ததை நண்பர் ரோன் என்று எழுதியிருந்தார். எனக்கு அது என்னுடையது என்று தெரிந்தது. காரணம், மூக்கில் மிளகும் ஊதாப் பூவும் இருந்தும் நடு நாக்கில் ஓர் ஓட்டை இருந்தது. கோர்னாஸில் அந்த இடத்தில் சதை இருக்கும். பிந்தி அறுத்தது வாயை நிறைத்தது, பிளம் வந்தது, போன தடவை போல் தட்டையாக இல்லை. ஆனால் பரோசாவின் முன்னால் வைத்தால் முடிவு குட்டை. சேர்த்த புளிப்பு இன்னும் கலக்காமல் ஓரமாக நிற்பது போல ஓர் உறுத்தல். மிளகு மிகக் குறைவு.

என் மனைவி இரண்டு கிளாஸையும் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒன்றை மற்றதில் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றினாள். "இப்ப குடிச்சுப் பாருங்க."

அளவுக் குழாயை எடுத்து முறையாகச் செய்தோம். பாதிக்குப் பாதி, 60க்கு 40, 70க்கு 30, 80க்கு 20. ஒவ்வொன்றையும் மீண்டும் எண் போட்டு மறைத்து வைத்தோம். மூன்று பேரும் தனித்தனியே 70க்கு 30ஐத் தேர்ந்தெடுத்தோம், முந்தியது 70. நடு நாக்கின் ஓட்டை அடைபட்டது, மிளகு மூக்கில் நின்றது, விழுங்கியதும் எச்சில் ஊறியது. அந்த ஊறல் வந்தபோது எனக்குக் கண் கலங்கியது என்று சொல்ல வெட்கமில்லை. நான்கு வருடம்.

கலந்ததைக் குடுவையில் மாதம் ஒருமுறை பார்த்து, வண்டலிலிருந்து பிரித்து, லிட்டருக்கு 30 மில்லிகிராம் கந்தகம் வைத்து, பாட்டிலில் அடைத்தேன்.

இந்த ஆண்டுக் கவாத்து முடிந்துவிட்டது. மேல் வரிசையும் நடு வரிசையும் 23 பிரிக்ஸில் பறிப்பதாகக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். சரிவின் அடியில் இருக்கும் கீழ் வரிசையில் ஈரம் தங்கும், எப்போதும் ஒரு வாரம் பிந்திப் பழுக்கும். அது 25 வரை தொங்கட்டும். அந்தப் பதினாறு கொடிகளின் முனைக் கம்பத்தில் சிவப்பு நாடா கட்டியிருக்கிறேன், இலை எடுக்கும் நாளில் மேற்குப் பக்கம் யாரும் கை வைத்துவிடாமல் இருக்க. நேற்றுப் பார்த்தேன், கீழ் வரிசையில் மட்டும் மொட்டு இன்னும் உடையவில்லை.